அந்த ராக்கெட் படம் எனக்குப் பிடிக்கவில்லை

எனக்கும் விண்வெளிக்கும் எந்த விரோதமும் கிடையாது. அது பாட்டுக்கு மேலே இருக்கிறது, நான் பாட்டுக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடாமல்தான் இத்தனை காலம் தள்ளினோம். நடுவில் வந்து கெடுத்தது தென் தில்லித் தமிழர் நற்பணி மன்றம்.

என் பெயர் ஜோதிலிங்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட். எந்த அமைச்சகம் என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பென்ஷன் வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷம் என் மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு பாங்கில் வேலை, தங்கமான பையன். அவன் அப்பா வேணு, கோல் மார்க்கெட்டில் இருப்பவர், நகை கேட்கவில்லை, ஸ்கூட்டர் கேட்கவில்லை. "சமையல் மட்டும் ஏகாம்பரமா இருக்கணும். அவர் இல்லைன்னா, கிடைக்கிற வரைக்கும் தள்ளி வச்சுக்கலாம். அவசரமில்லை" என்றார். பெண்ணைப் பெற்றவனிடம் 'அவசரமில்லை' என்பதைவிடப் பயங்கரமான வார்த்தை தமிழில் கிடையாது.

சமையல்காரர் ஏகாம்பரத்தின் கையால் சாப்பிடாத தமிழன் தில்லியில் இருந்தால் அவன் நேற்றுத்தான் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அவர் மன்றத்து ஹாலைத் தவிர வேறெங்கும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார். அங்கே சமையலறையில் சிமென்ட் போட்டுப் பதித்த ஒரு கிரைண்டர் இருக்கிறது. அதில் அரைத்தால்தான் வடை வடையாக வரும் என்பது அவர் கொள்கை. ஆக, ஹால் கிடைத்தால் ஏகாம்பரம் கிடைப்பார், ஏகாம்பரம் கிடைத்தால் வள்ளிக்குக் கல்யாணம் நடக்கும்.

ஹாலைப் பதிவு செய்யப் போனேன். மன்றத்தின் செயலர் பாலசுப்ரமணியம், கோயம்புத்தூர்க்காரர். பகலில் ஏதோ ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. சாயங்காலமும் அண்டர் செக்ரட்டரிதான்.

"ஹால் இருக்குதுங்க. ஆவணியில நீங்க கேக்கற ஞாயித்துக்கிழமையும் காலியாத்தான் இருக்குது. ஆனா உங்களுக்குக் கருத்து இல்லீங்களே" என்றார்.

"எதைப் பத்தி சார்?"

"வருங்காலத்தைப் பத்திங்க."

விஷயம் இதுதான். மன்றத் தலைவர் சேஷன், ஜாயின்ட் செக்ரட்டரி. முந்தின வருஷம் நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்த் திரும்பினார் அல்லவா? அதை டி.வி.யில் பார்த்த சேஷனுக்கு ஆவேசம் வந்து, மன்றத்தின் பஜனைப் பிரிவை மூடிவிட்டு 'வருங்காலப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு விண்வெளிப் படம், அல்லது மாயாஜாலப் படம், படம் கிடைக்காவிட்டால் அந்த மாதிரி ஒரு புத்தகம். முடிந்ததும் கலந்துரையாடல். அதில் கருத்துச் சொன்ன உறுப்பினருக்கு மட்டும்தான் ஹால்.

ஒரு கருத்துதானே, சொல்லித் தொலைத்தால் போகிறது என்று நினைத்தேன். என் ஜாதகத்தில் வாக்கு ஸ்தானத்தில் சனி உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை போட்டது ஏதோ ஒரு தூதரகம் இலவசமாகக் கொடுத்த படம். பேச்சு ஒரு பாஷை, அடியில் ஓடிய எழுத்து இன்னொரு பாஷை. ராக்கெட்டில் ஒருவன் போகிறான். ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். வெளியே இருட்டு. மறுபடியும் பார்க்கிறான். இடைவேளை விட்டார்கள், சமோசா கொடுத்தார்கள், வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் அவன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, காரணம்தான் வேறு.

விளக்கைப் போட்டதும் சேஷன் மைக்கைப் பிடித்தார்.

"பாரதத்தோட வருங்காலம் வருங்காலத்துலதான் இருக்கு. இதை நான் ரொம்ப யோசிச்சுச் சொல்றேன். இந்தப் படம் உன்னதம். ஏன் உன்னதம்னா, எனக்கு ஒரு அட்சரம் புரியலை. புரிஞ்சுட்டா அது நிகழ்காலம் ஆயிடுமோல்லியோ? எல்லாரும் மனசுல பட்டதை நிர்பயமாச் சொல்லுங்கோ. நம்ம மன்றத்துல பதவி வித்தியாசமே கிடையாது. வழக்கம்போல சம்பள வரிசைப்படி ஆரம்பிக்கலாம்."

டைரக்டர் ஒருவர் எழுந்து "உன்னதம்" என்றார். அடுத்து ஒரு டெபுடி செக்ரட்டரி "மிக உன்னதம்" என்றுவிட்டு உட்கார்ந்தார். தலைவரைவிட ஒரு படி மேலே போய்விட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், மறுபடி எழுந்து "வெறும் உன்னதம்" என்று திருத்திக்கொண்டார். இப்படியே உன்னதம் படிப்படியாக இறங்கி, செக்‌ஷன் ஆபீசர்களைக் கடந்து, கடைசி வரிசையில் இருந்த என்னிடம் வந்தது.

நான் சத்தியமாக 'உன்னதம்' சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் சேஷன் என்னையே பார்த்து "நிர்பயமா, நிர்பயமா" என்றார். ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. நம்பிவிட்டேன்.

"எனக்குப் பிடிக்கலை சார். அவன் பாட்டுக்கு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கான். எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல நானும்தான் பாக்கேன். அதுலயாவது எதுத்த வீட்டுல துணி காயும், பூனை போவும், ஏதாவது நடக்கும்."

சேஷன் கோபப்படுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவரோ பூரித்துப் போனார்.

"ஆஹா! மாற்றுக்கருத்து! இத்தனை மாசமா ஒண்ணுகூட வரலையேன்னு எனக்கு உள்ளூரக் கவலை. ஜனநாயகம்னா ஒண்ணாவது இருக்கணும். இதை நாம ஜாக்கிரதையாப் பாதுகாக்கணும், வெளியில விட்டா பரவிடும். பாலு, ஃபைல் ஓபன் பண்ணுங்கோ!"

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி இந்திராணி கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, எல்லாரும் உன்னதம்னா நீங்களும் உன்னதம்னுட்டு வரவேண்டியதுதான? ராக்கெட்டுல போறவன் உங்களுக்கு மாமனா மச்சானா? அவன் ஜன்னல்ல பாத்தா என்ன, கதவைத் தொறந்து குதிச்சா உங்களுக்கு என்ன?"

"நிர்பயமாச் சொல்லச் சொன்னாரு, இந்திராணி."

"ஆபீஸ்லகூடத்தான் 'எதுனாலும் எங்கிட்ட சொல்லுங்க'ம்பாங்க. சொல்லுதீகளா?"

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த வள்ளி, "அச்சா, விடும்மா. அப்பா, நீங்க ஜல்தி போய் சாரி சொல்லிட்டு வந்துடுங்க. பஸ், கதம், விஷயம் முடிஞ்சுடும்" என்றாள்.

போனேன். பாலசுப்ரமணியம் வருத்தத்தோடு தலையாட்டினார். "வாபஸ் வாங்க முடியாதுங்க. சொன்ன கருத்து மன்றத்தோட சொத்து. அது அசல் மாற்றுக்கருத்துதானான்னு முடிவாகிற வரைக்கும் உங்க ஹாலை நிறுத்தி வச்சிருக்கறமுங்க."

"தலைவரே சொன்னாரே சார், மாற்றுக்கருத்துன்னு?"

"அது வாய்மொழிங்க. பொதுக்குழுவுல ஓட்டெடுப்பு வேணும். பெரும்பான்மை உங்களை எதிர்த்தா அது அசல். அதுக்கு முன்னாடி உங்க கருத்தை ஒருத்தர் முன்மொழியோணும், ஒருத்தர் வழிமொழியோணும்."

"அப்ப எங்கூட ரெண்டு பேர் சேந்துட்டாங்கன்னு ஆயிடாதா? அப்புறம் எப்படி சார் அது அசலாவும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு வந்ததில்லை போலிருக்கிறது, முகம் வெளிறிவிட்டது. டீ ஆறி ஆடை கட்டிய பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். "மனசுக்குள்ள எதிர்த்துக்கிட்டே வழிமொழியலாமுங்க. அதுக்கு ஒரு ஆணை போட்டுடறேன்."

பொதுக்குழுவில் அத்தனை கைகளும் எனக்கு எதிராக உயர்ந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் எனக்கு எதிராகக் கை தூக்கினேன். பாலசுப்ரமணியம் ஓடிவந்து என் கையைக் கீழே இறக்கிவிட்டார். சேஷன் என் சட்டையில் ஒரு பட்டையைக் குத்தினார். 'அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக்கருத்தாளர்' என்று அதில் எழுதியிருந்தது. பிறகு மனம் நெகிழ்ந்து பேசினார்.

"உண்மையைச் சொல்லணும்னா எனக்கே அன்னிக்கு ரெண்டாவது ரீல்ல கண் அசந்துது. அதைத் தூக்கம்னு சொல்லப்படாது. அசிஸ்டென்ட் கண்ணை மூடினா தூக்கம். ஜாயின்ட் செக்ரட்டரி கண்ணை மூடினா பரிசீலனை."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹால் எனக்கு என்று முடிவாயிற்று. கூடவே ஒரு நிபந்தனை: கல்யாணம் வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து மாற்றுக்கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒத்துப்போனாலும் பட்டை பறிபோகும், ஹாலும் போகும்.

இந்திராணிக்கு நிம்மதி. "நம்ம வீட்டுல எதுக்கெடுத்தாலும் குறை சொல்லுவீகள்லா, அதை அங்க போய்ச் சொல்லுங்க" என்று அனுப்பி வைத்தாள்.

சொன்னேன். அடுத்த மாதம் மாயாஜாலப் படம். ராஜகுமாரன் பறக்கும் கம்பளத்தில் ஏழு கடல் தாண்டிப் போய் இளவரசியை மீட்கிறான். "இத்தனை நாளைக்கு அவனுக்கு லீவு சாங்ஷன் பண்ணது யாரு? அந்த மந்திரவாதி மலையையே தூக்குதான், ஒரு நல்ல குவார்ட்டர்ஸ் வாங்கத் துப்பில்லாம குகையில கிடக்கான்" என்றேன். அதற்கடுத்தது வேற்றுக்கிரகவாசிகள் படம். "அவங்க ஏன் அத்தனை பேரும் மொட்டைத்தலையா வாராங்க? அங்கயும் ஒரு திருப்பதி இருக்கா?" என்று கேட்டேன். பிறகு ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அதில் இயந்திர மனிதனுக்கு உணர்ச்சி வந்து, வேலை செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். "இதுல என்ன விஞ்ஞானக் கற்பனை இருக்கு? எங்க செக்‌ஷன்ல உணர்ச்சி வராமலே எல்லாரும் அப்படித்தான உக்காந்திருக்காங்க" என்றேன்.

முதலில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் நடுவரிசையும் சிரித்தது. கரோல் பாகிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் பஸ் பிடித்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படம் ஓடும்போது வெளியே நின்று கடலை தின்றுவிட்டு, நான் பேசும்போது மட்டும் உள்ளே வருவார்கள். அந்த 'வெறும் உன்னதம்' டெபுடி செக்ரட்டரி ஒரு நாள் பான் கடையருகே என்னை ஓரங்கட்டி, "ஜோதிலிங்கம், எனக்கும் அந்த ராக்கெட் படம் சுத்தமாப் பிடிக்கலைய்யா. வெளியே சொல்லிடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் இதே ரகசியத்தை எல்லோரும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். பாலசுப்ரமணியம் கூட்டத்தில் நின்று வேவு பார்த்திருக்கிறார். சிரிப்பது ஆமோதிப்பதாகுமா என்று ஒரு துணைக்குழு போட்டு, 'பல் தெரிந்தால் ஆமோதிப்பு' என்று முடிவும் எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து முடித்த வாரத்தில் பாலசுப்ரமணியம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கருத்து ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சுங்க. இனி அது மாற்றுக்கருத்து இல்லை. பட்டையைக் கழட்டிக் குடுத்துருங்க. ஹால் ரத்துங்க."

"சார், பத்திரிகை அடிச்சாச்சு சார்!"

"பதறாதீங்க. இப்ப சிறுபான்மைக் கருத்து எதுங்க? படம் உன்னதம்ங்கறதுதானுங்களே? அதைச் சொல்லிப் பட்டையைக் காப்பாத்திக்கலாமே."

"உன்னதம்!" என்று கத்தினேன். "அந்த ஜன்னல் உன்னதம், இருட்டு உன்னதம், சமோசா உன்னதம்!"

அவர் எழுதப் போனார். எழுதாமல் நிறுத்தினார். "ஆனா அது தலைவர் கருத்துங்களே. தலைவர் கருத்து எப்படிச் சிறுபான்மை ஆகும்?"

ஆக, பிடித்தது என்றாலும் ஹால் இல்லை, பிடிக்கவில்லை என்றாலும் ஹால் இல்லை. நான் அப்படியே மன்றத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஒரே பொண்ணு சார்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கப்படவில்லை. பாலசுப்ரமணியம் கெட்டவர் இல்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். பிறகு என்னைக் கையோடு சேஷன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

சேஷன் கண்ணை மூடிப் பரிசீலித்தார். நெடுநேரம் கழித்து விழித்தார்.

"கல்யாணத்தையே வருங்காலப் பிரிவோட நிகழ்ச்சியா வச்சுட்டா என்ன? அதுவும் விஞ்ஞானக் கற்பனைதானே! முன்னே பின்னே தெரியாத ரெண்டு பேர், முன்னே பின்னே தெரியாத எடத்துக்கு, என்ன ஆகும்னே தெரியாமப் புறப்பட்டுப் போறா. வழக்கம்போலக் கலந்துரையாடல் வச்சுடலாம். அதுல நீர் புதுசா ஒரு மாற்றுக்கருத்துச் சொல்லும். பட்டையும் திரும்பி வந்துடும், ஹாலும் வந்துடும்."

சரி என்று தலையாட்டினேன். அந்தக் கலந்துரையாடல் எதைப் பற்றி நடக்கும் என்பது, கல்யாணத்தன்று காலை மணவறைக்கு முன்னால் மைக்கைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"முகூர்த்தம் முடியட்டுமே சார்" என்று பாலசுப்ரமணியத்தின் காதில் கெஞ்சினேன்.

"முன்னாடியே கேட்டுடோணுமுங்க. தாலி கட்டினதுக்கு அப்புறம் கருத்துக் கேட்டா, நடந்து முடிஞ்சதுக்கு அனுமதி கேட்ட மாதிரி ஆயிரும். ஆடிட்ல மாட்டுவோமுங்க."

சமையலறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. கருத்து பதிவாகி, என் பட்டை திரும்பி வந்த பிறகுதான் கதவு திறக்கும். ஊறிய உளுந்தோடு ஏகாம்பரம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "இன்னா சார், கண்ணாலமா, ஆபீஸா? உளுந்து புளிக்கப் போவுது, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். இந்திராணி அவர் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

சேஷன் தொடங்கினார். "மாப்பிள்ளை உன்னதம்."

டைரக்டர், டெபுடி செக்ரட்டரி, அண்டர் செக்ரட்டரிகள், செக்‌ஷன் ஆபீசர்கள். மாப்பிள்ளை உன்னதம், மாப்பிள்ளை உன்னதம். மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டான். சம்பந்தி வேணுவின் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிக்கலாமா வேண்டாமா என்று குழலை உதட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மைக் என் கைக்கு வந்தது.

ஹால் வேண்டுமானால், என் மகளின் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் கதவு திறக்கும், ஏகாம்பரம் வடை சுடுவார், அதைத் தின்ன மாப்பிள்ளை வீட்டார் இருக்க மாட்டார்கள். பிடித்திருக்கிறது என்றால் எல்லோரும் இருப்பார்கள், சோறு இருக்காது. சம்பந்தி 'அவசரமில்லை' என்பார். வள்ளி என்னையே பார்த்தாள்.

"மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

பாலசுப்ரமணியம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிக்காதது உங்க மன்றம். உங்க வருங்காலப் பிரிவு பிடிக்கலை, சம்பள வரிசை பிடிக்கலை, இந்த மைக்கும் பிடிக்கலை. எம்மகளுக்குத் தாலி கட்டணும். சாவியைக் குடுங்கய்யா!"

முதலில் கைதட்டியவர் சம்பந்தி வேணு. அப்புறம் ஹாலே அதிர்ந்தது. எங்கு பார்த்தாலும் பல் தெரிந்தது. பாலசுப்ரமணியம் கலவரத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரும்பான்மைங்க... இதுவும் மாற்றுக்கருத்து இல்லீங்க..." என்று முனகினார்.

சேஷன் விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"சபையோர் மன்னிக்கணும். இது ஆரம்பத்துலேர்ந்தே என்னோட கருத்து. எனக்கும் மன்றத்தைப் பிடிக்காது. வரிசை முறையை மீறி ஜூனியர் ஒருத்தர் என்னை முந்திண்டுட்டார், அவ்வளவுதான். பாலு, மினிட்ஸ்ல என் பேரை முதல்ல போடுங்கோ. மத்தவா எல்லாம் வழக்கம்போல வாங்கோ."

டைரக்டர் எழுந்து வந்தார். "எனக்கும் மன்றத்தைப் பிடிக்காது." டெபுடி செக்ரட்டரி, "எனக்கும் வெறுமனே பிடிக்காது" என்றார். வரிசை நீண்டது. பாலசுப்ரமணியம் இரண்டு கையாலும் எழுத வேண்டியிருந்ததால் சட்டைப்பையைப் பொத்த ஆள் இல்லை. ஏகாம்பரம் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவர் ஏன் எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவருக்குச் சம்பள வரிசை கிடையாது.

கிரைண்டர் உருமியது. நான் நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலி கட்டியபோது மைக்கில் ஒரு செக்‌ஷன் ஆபீசர் தனக்கும் மன்றத்தைப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளார்க்குகள் முறை வருவதற்குள் மூன்றாம் பந்தி முடிந்துவிட்டது. சம்பந்தி வடையை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வள்ளி டாக்ஸியில் ஏறினாள். "அப்பா, ஜல்தி வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் வாசலில் நின்று, டாக்ஸி திரும்புகிற வரைக்கும் வாய்விட்டு அழுதேன். அதை யாரும் ஓட்டெடுப்புக்கு விடவில்லை.